பால்மாவும் மூன்று துறைகளும்

1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடியபோது, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால்மாவின் விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் விதித்தொகுப்பு ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 118 நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும்தான். தனியார் வணிகத்தில் இப்படியெல்லாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது ரீகன் அரசின் வாதம். நாற்பத்தோரு ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அதே நாட்டின் அதிபர் கொரியப் போர்க்காலத்துச் சட்டம் ஒன்றை எடுத்து, பால்மா ஆலைகளுக்குச் சர்க்கரையையும் சோளப்பாகையும்தான் முதலில் தர வேண்டும் என்று ஆணையிட்டார். ராணுவத்தின் சி-17 விமானம் ஜெர்மனியிலிருந்து பால்மா டின்களைச் சுமந்துகொண்டு இண்டியானாபொலிஸில் இறங்கியது. உலகின் மிகப் பணக்கார நாட்டில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்த பெற்றோருக்காக இவ்வளவும் நடந்தது.

சந்தையை அதன் போக்கில் விட்டதால் வந்த வினை என்று ஒரு சாரார் அப்போது எழுதினார்கள். அரசின் கெடுபிடியால் வந்த வினை என்று மறுசாரார் எழுதினார்கள். அமெரிக்கப் பால்மாத் தொழிலின் கடந்த நாற்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால் இரண்டு பேச்சும் அரைகுறை என்று தோன்றுகிறது. அந்தச் சந்தை ஒருநாளும் தன் போக்கில் விடப்பட்டதில்லை. அதே சமயம், அதைத் திருத்திய ஒவ்வொரு சட்டமும் ஒரு நல்ல காரணத்துக்காகப் பிறந்தது. பால்மாவின் தரத்தை ஒரு துறை பார்த்துக்கொண்டது, விலையை இன்னொரு துறை, எல்லை தாண்டி வரும் சரக்கை வேறொரு துறை. கடையில் டின் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. 2022-ல் அரசு எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியானவை எல்லாம், அந்த அரசே முன்பு போட்ட தாழ்ப்பாள்களைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டவைதான்.

முதல் தாழ்ப்பாளின் கதை 1978-ல் தொடங்குகிறது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்காக சின்டெக்ஸ் என்ற நிறுவனம் சோயாவிலிருந்து ‘நியோ-மல்-சாய்’ என்ற பால்மாவைத் தயாரித்து வந்தது. குழந்தைகளின் உணவில் உப்பு அதிகம் இருப்பது பிற்காலத்தில் ரத்த அழுத்தத்துக்கு இடம்கொடுக்கும் என்ற கவலை அன்று மருத்துவ உலகில் பரவியிருந்தது. அதற்கு இசைந்து நிறுவனம் தன் செய்முறையிலிருந்து உப்பை எடுத்துவிட்டது. சாதாரண உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. சோடியத்தைக் குறைக்கப் போய்க் குளோரைடும் குறைந்தது. அந்த மாவை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகள் எடை ஏறவில்லை, பசியெடுக்கவில்லை, ரத்தத்தில் காரத்தன்மை கூடியது. 1979-ல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகர மருத்துவர்கள் ஒரே மாதிரி வாடிப்போன சில குழந்தைகளைப் பார்த்து, எல்லாரும் குடித்தது ஒரே மாவு என்று கண்டுபிடித்தார்கள். நாடு முழுவதும் விசாரித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெரியவர்கள் சாப்பிடும் பண்டத்தில் ஒரு சத்து குறைந்தால் வேறொரு பண்டம் அதை ஈடுகட்டும். நான்கு மாதக் குழந்தைக்கு வேறு பண்டம் ஏது? இந்த ஒரு கேள்விதான் பால்மாவை மற்ற எல்லா உணவுப் பொருளிலிருந்தும் பிரித்துவைக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார் போராடினார்கள், நாடாளுமன்றக் குழு விசாரித்தது, 1980 செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் குழந்தைப் பால்மாச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

எந்தெந்தச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், பழுதான சரக்கை எப்படித் திரும்பப் பெற வேண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. புதிய பால்மாவைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு 90 நாள் முன்பே உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பின்னால் வந்த விதிகள் இன்னும் இறுகின. புதிய மாவைக் குடிக்கும் குழந்தைகளின் வளர்ச்சியைக் குறைந்தது 15 வாரம் அளந்து காட்ட வேண்டும் என்று 2014-ல் இறுதியான விதிகள் கோருகின்றன. இதில் எதையும் அநியாயம் என்று சொல்ல முடியாது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்ததால் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றதையும் ஆறு குழந்தைகள் இறந்ததையும் நினைத்துப் பார்த்தால், இறுக்கமான சட்டத்தின் அருமை தெரியும். ஆனால் இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சோதனைக்கும் ஆய்வுக்கும் ஆகும் செலவு பெரிய நிறுவனத்துக்குத் தூசு, சிறிய நிறுவனத்துக்கு மலை. நுழைய நினைப்பவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குச் சட்டமே மதில் சுவராகிவிட்டது.

இரண்டாவது மாற்றம் ஏழைக் குழந்தைகளின் பெயரால் வந்தது. இந்தத் தொழிலின் உருவத்தை மற்ற எதையும்விட அதிகமாக மாற்றியது இதுதான் என்பது என் எண்ணம். கர்ப்பிணிகள், பால்கொடுக்கும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கான ‘விக்’ என்ற சத்துணவுத் திட்டம் 1970-களின் முற்பகுதியில் சோதனை முயற்சியாகத் தொடங்கி 1975-ல் நிரந்தரமானது. நடத்துவது வேளாண் துறை. பணம் மத்திய அரசுடையது, நடைமுறை மாநிலங்களுடையது. ஏழைத் தாய் கூப்பனைக் கொண்டுபோய்க் கடையில் நீட்டினால் பால்மா கிடைக்கும். எண்பதுகளில் நிறுவனங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போயின. வாங்குகிறவர் விலையைப் பற்றிக் கவலைப்படாத இடத்தில் விற்கிறவர் ஏன் கவலைப்படப் போகிறார்? ஒதுக்கிய பணம் போதாமல் தகுதியுள்ள தாய்மார் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். அப்போது டென்னசி முதலிய சில மாநிலங்கள் ஒரு யுக்தி செய்தன. எங்கள் மாநிலத்தில் விக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நிறுவனத்தின் மாவைத்தான் தருவோம், யார் அதிகத் தள்ளுபடி தருகிறீர்களோ அவர்களுக்கே அந்த உரிமை என்று டெண்டர் விட்டன. பலன் பிரமாதம். 1989-ல் நாடாளுமன்றம் இந்த முறையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது.

இந்த டெண்டரின் உள்வேலை கவனிக்கத்தக்கது. பல மாநிலங்களில் வென்ற நிறுவனம் மொத்தவிலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அரசுக்குத் தள்ளுபடியாகத் திருப்பித் தருகிறது. அப்படியானால் அதற்கு என்ன ஆதாயம்? நாட்டில் விற்கும் பால்மாவில் பாதிக்கும் மேல் குடிப்பது விக் குழந்தைகள்தான். அவர்களுக்காகக் கடைக்காரர் ஒப்பந்த நிறுவனத்தின் டின்களை அலமாரியில் முன்னால் அடுக்குகிறார். கண்ணில் படுவதைத்தான் காசு கொடுத்து வாங்கும் பெற்றோரும் எடுக்கிறார்கள். மருத்துவர்களும் அதையே பரிந்துரைக்கப் பழகிவிடுகிறார்கள். அரசிடம் விட்ட லாபத்தை நிறுவனம் மற்றவர்களிடம் பிடித்துக்கொள்கிறது. வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மாநிலத்தின் ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறதோ அந்த நிறுவனமே, முதல் மூன்று நிறுவனங்கள் அங்கே விற்கும் மாவில் சராசரியாக 84 விழுக்காட்டை விற்கிறது. தோற்றவருக்கு அந்த மாநிலத்தில் அநேகமாக இடமே இல்லை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் சிறியவர்கள் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பார்கள்? எஸ்.எம்.ஏ. பால்மாவை விற்றுவந்த வையத் நிறுவனம் 1996-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. அதற்குப் பிறகு எல்லா மாநில ஒப்பந்தங்களும் அபாட், மீட் ஜான்சன், நெஸ்லேயின் கெர்பர் என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றின. ஜெனீவாவில் வணிகச் சுதந்திரம் பேசிய நாட்டில், எந்த மாநிலத்துக் குழந்தை எந்த டின்னைக் குடிக்கும் என்பது அரசின் டெண்டரில் முடிவாயிற்று.

மூன்றாவது, எல்லை. இறக்குமதியாகும் பால்மாவுக்கு 17.5 விழுக்காடு வரை சுங்கவரி. அதைக் கட்டத் தயாராக இருந்தாலும், அமெரிக்க விதிப்படி லேபிள் ஒட்டாத டின் உள்ளே வர முடியாது. 2021-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து வந்த பால்மாப் பெட்டிகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அந்நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் அன்றாடம் குடிக்கும் மாவுதான் அது. கனடாவில் சீன நிறுவனம் ஒன்று பெரிய பால்மா ஆலை கட்டத் தொடங்கியதும், 2020-ல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். கனடாவின் பால்மா ஏற்றுமதி இரண்டாம் ஆண்டில் 40,000 டன்னைத் தாண்டினால், கூடுதலாகப் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.25 கனடிய டாலர் தண்டம். உள்ளூர்ப் பால் பண்ணைக்காரர்களைக் காப்பதுதான் நோக்கம். பேச்சுவார்த்தை நடத்தியவர்களுக்குக் குழந்தை என்ற நினைப்பே வந்திருக்காது. அவர்கள் கண்ணில் அது உபரிக் கொழுப்பில்லாப் பால்மாவின் கணக்கு. ஆக, அமெரிக்கா குடிக்கும் மாவில் நூற்றுக்கு 98 பங்கு அங்கேயே தயாராயிற்று.

இந்த நிலையில்தான் மிஷிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் ஆலை வருகிறது. சந்தையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த அபாட் நிறுவனத்தின் மிகப் பெரிய பால்மா ஆலை அது. சாதாரண சிமிலாக் மட்டுமல்லாமல், பிறவியிலேயே செரிமானக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கான எலிகேர் போன்ற அரிய வகைகளும் அங்கேதான் தயாராயின. 2021 செப்டம்பரில் ஒரு குழந்தைக்கு க்ரோனோபேக்டர் என்ற கிருமியின் தாக்கு வந்ததாகப் புகார். அக்டோபரில் முன்னாள் ஊழியர் ஒருவர் ஆலையின் சீர்கேட்டை விவரித்து உணவு மருந்து நிர்வாகத்துக்கு எழுதினார். அந்தக் கடிதம் மேலதிகாரிகள் கண்ணில் படவே மாதங்கள் ஆயின. 2022 ஜனவரி கடைசியில் ஆய்வாளர்கள் உள்ளே போனார்கள். ஆலைக்குள் கிருமி இருந்தது. பிப்ரவரி 17 அன்று நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்று உற்பத்தியை நிறுத்தியது. நான்கு குழந்தைகள் நோயுற்றிருந்தனர், அவர்களில் இருவர் இறந்திருந்தனர். அவர்கள் உடலில் கிடைத்த கிருமியும் ஆலையில் கிடைத்ததும் ஒரே மரபுவழி என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஆலையை மூடியது சரியான முடிவே. தவறு, மூடினால் என்ன ஆகும் என்பதை யாரும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்காததில் இருக்கிறது. மூடியவர்களின் கடமை தரத்தோடு முடிந்தது. மூன்று மாதம் கழித்து, மே நடுவில்தான், வெள்ளை மாளிகை விழித்துக்கொண்டது.

விழித்த பிறகு நடந்தவற்றை எடைபோட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் என்ற அந்தக் கொரியப் போர்க்காலத்துச் சட்டத்தை எடுத்தது பெரிய செய்தியானது. ஆனால் தட்டுப்பாடு சர்க்கரையாலோ சோளப்பாகாலோ வந்தது அல்லவே. முடங்கியிருந்தது ஆலை. மூலப்பொருளுக்கு முன்னுரிமை தந்ததால் ஓடிக்கொண்டிருந்த ஆலைகளுக்கு ஓரளவு உதவி, அவ்வளவுதான். ராணுவ விமானம் முதல் நடையில் கொண்டுவந்தது சுமார் 35 டன். ஒவ்வாமை உள்ள 9,000 கைக்குழந்தைகளுக்கும் 18,000 நடைபயிலும் குழந்தைகளுக்கும் ஒரு வாரத்துக்குப் போதும் என்று அரசே கணக்குச் சொன்னது. ஆண்டுக்கு 36 லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாடு அது. அந்த ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு அது உயிர்காத்த சரக்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொது அலமாரியை நிரப்பத் தொடங்கியவை, புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி இல்லாத காகித உத்தரவுகள். விக் கூப்பனுக்கு எந்த நிறுவனத்தின் டின்னையும், எந்த அளவிலும் வாங்கலாம் என்று மாநிலங்கள் விதியைத் தளர்த்தின. போட்டி நிறுவனத்தின் மாவை விக் தாய்மார் வாங்கினாலும் தள்ளுபடியைத் தான் தருவதாக அபாட் ஒப்புக்கொண்டது. லேபிள் சற்று மாறுபட்டாலும் தரம் சரியாக இருந்தால் வெளிநாட்டு மாவை அனுமதிப்போம் என்று மே 16 அன்று உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் டின்கள் வந்தன. ஜூலையில் சுங்கவரி ஆண்டிறுதிவரை நிறுத்திவைக்கப்பட்டது. ஸ்டர்ஜிஸ் ஆலை ஜூன் 4 அன்று மீண்டும் ஓடத் தொடங்கி, பத்தே நாளில் புயல்மழை வெள்ளம் புகுந்து மறுபடியும் நின்றது. ஒரே கூரையை நம்பியதன் ஆபத்துக்கு இதைவிட வெளிப்படையான சாட்சி கிடைக்காது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தாய்ப்பால் இருக்கப் பால்மா எதற்கு என்ற கேள்வி அந்த மே மாதத்தில் அமெரிக்கச் சமூக ஊடகமெங்கும் கேட்டது. தாய்ப்பாலின் மேன்மையில் சந்தேகம் இல்லை. ஆனால் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பைத் தேசியச் சட்டமாக்காத நாடு அது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம், அதுவும் எல்லாருக்கும் இல்லை. பிரசவித்த சில வாரத்திலேயே கிடங்குக்கும் உணவகத்துக்கும் திரும்புகிறவர்களிடம் பாலூட்டு என்று சொல்வது சுலபம். அங்கே ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் நாலில் ஒரு பங்குதான். வற்றிய பால் அரசாணையால் சுரக்காது. தாய்ப்பாலையே செரிக்க முடியாமல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த அறிவுரையால் பயனே இல்லை. ஐம்பதுகளில் அமெரிக்கத் தாய்மார் டின்னில் அடைத்த சுண்டிய பாலையும் சோளப்பாகையும் தண்ணீரையும் வீட்டிலேயே கலந்து கொடுத்தார்களே என்று சிலர் பழைய சமையல் குறிப்புகளைப் பகிர்ந்தார்கள். மருத்துவர்கள் பதறிப்போய்த் தடுத்தார்கள். நியோ-மல்-சாய் சம்பவத்தை அறிந்தவர்கள் பதறாமல் இருக்க முடியாது.

இன்னும் கனமான எதிர்வாதம் விக் தள்ளுபடியைப் பற்றியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி டாலர் மிச்சமாகிறது. அந்தப் பணத்தில்தான் மேலும் பல ஏழைத் தாய்மாரும் குழந்தைகளும் திட்டத்துக்குள் வருகிறார்கள். டெண்டரை ஒழித்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். இது உண்மை. ஆனால் டெண்டர் வேண்டாம் என்பது என் பேச்சு இல்லை. அது எதைக் கேட்டது, எதைக் கேட்க மறந்தது என்பதே பிரச்சினை. தள்ளுபடி எவ்வளவு என்று முப்பது ஆண்டாகக் கேட்ட ஒப்பந்தம், உன் ஆலை நின்றால் மாற்று ஏற்பாடு என்ன, எத்தனை மாதச் சரக்கு கையிருப்பில் இருக்கும் என்று கேட்டதில்லை. 2022 மே 21 அன்று கையெழுத்தான சட்டம் முதல் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தால் விக் குழந்தைகளுக்கு என்ன வழி என்பது இனி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஆண்டின் நடவடிக்கைகளில் நாளைக்கும் நிற்கக்கூடியவை சிலவே. இது அவற்றில் ஒன்று.

அப்படியானால் அரசே தயாரித்துவிட்டால் என்ன? பிரிட்டன் அதைச் செய்து பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில், அரசின் பெயரிலேயே ‘தேசிய உலர்பால்’ என்ற டின் வெளிவந்தது. தாய்சேய் நல நிலையங்களில் மலிவு விலையில் கிடைத்தது. குண்டுவீச்சுக்கு நடுவிலும் குழந்தைகள் பட்டினி கிடக்கவில்லை என்றால் அதில் இந்த டின்னுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரே செய்முறை நாடெங்கும் போகும்போது அதன் பிழையும் நாடெங்கும் போகும். பால்மாவிலும் தானிய உணவிலும் மீன் எண்ணெயிலும் ஒரே நேரத்தில் வைட்டமின் டி சேர்த்ததால், ஐம்பதுகளில் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து குழந்தைகள் நோயுற்றார்கள். 1957-ல் அளவைக் குறைத்தார்கள். பின்னர் சோடியம் அதிகம் என்ற குற்றச்சாட்டு எழுந்து, எழுபதுகளின் பிற்பகுதியில் தேசிய உலர்பால் விடைபெற்றது. அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் ஒரே குழாயில் எல்லாக் குழந்தைகளையும் தொங்கவிடுவதுதான் ஆபத்து என்பதற்கு இந்த டின்னும் சாட்சி.

கடைசியாக ஒரு எதிர்வாதம் மிச்சமிருக்கிறது. கதவைத் திறந்தால் அரைகுறை நிறுவனங்களும் உள்ளே வரும், குழந்தைகளின் உயிரோடு விளையாடலாமா என்பது. நியாயமான பயம். 2022 முடிந்ததும் சுங்கவரி பழையபடி திரும்பியது. விக் தளர்வுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. உற்பத்தி தடைபடும் நிலை வந்தால் நிறுவனங்கள் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற புதிய சட்டமும், சந்தையில் கால்வைத்த சில புதிய நிறுவனங்களும் எஞ்சின. அந்தப் புதியவர்களில் ஒன்று பைஹார்ட். 2025 நவம்பரில் பல மாநிலங்களில் கைக்குழந்தைகளுக்கு பொட்டுலிசம் என்ற கொடிய நோய் வந்திருப்பது தெரிந்தது. அதற்குக் காரணம் பைஹார்ட் மாவு என்ற சந்தேகம் எழ, நிறுவனம் தன் சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றது. பயந்தவர்கள் பயந்தது சரிதான். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோருக்கு நிறுவனம் சிறியது என்பதில் எந்த ஆறுதலும் இல்லை. ஆகவே 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தரவிதிகளில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்த வேண்டியதில்லை, ஆய்வாளர்களைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. பைஹார்ட் விற்றது நாட்டின் பால்மாவில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதன் டின்கள் மொத்தமாக அலமாரியிலிருந்து இறங்கியபோதும், பெற்றோர் பக்கத்து டின்னை எடுத்துக்கொண்டார்கள். ராணுவ விமானம் எதுவும் தேவைப்படவில்லை.